நாலாவது குழி

டீட்டிகோன் புகையிரத நிலையத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தால் ஒரு மாட்டுப் பண்ணை வரும். தண்டவாளங்களும் களஞ்சியங்களும், 2022 கடைசியில் ஓடத் தொடங்கிய லிம்மட்டால்பான் ட்ராமும் நிறைந்த இந்த ஊரில் இன்னும் மாடு நிற்கிறதா என்று விருந்தினர்கள் கேட்பார்கள். நிற்கிறது. சனிக்கிழமைகளில் அங்கேதான் பால் வாங்குகிறேன்.

ஒருநாள் பண்ணைக்காரர் நாலு குழியுள்ள ஒரு தட்டைப் பசுவின் மடிக்குக் கீழே பிடித்திருந்தார். காம்புக்கு ஒரு குழியாகப் பாலைப் பீய்ச்சி, ஊதா நிறத் திரவம் கொஞ்சம் விட்டுத் தட்டை வட்டமாக ஆட்டினார். மூன்று குழியில் பால் தண்ணீராகவே ஓடியது. நாலாவதில் சளி போலத் திரண்டது. "ஷால்ம் டெஸ்ட்," என்றார். 1957 இல் கலிபோர்னியாவில் ஷால்ம் என்ற மிருக வைத்தியர் தன் சகாவோடு சேர்ந்து வெளியிட்ட சோதனை அது. அந்தத் திரவம் ஏறக்குறைய சவுக்காரத் தண்ணீர்தான். மடிக்குள் கிருமி புகுந்தால் அதை எதிர்க்க வெள்ளைக் கலங்கள் திரண்டு வருகின்றன. திரவம் அவற்றை உடைக்க, உள்ளிருக்கும் மரபுப்பொருள் வெளியே வந்து பாலைக் கூழாக்குகிறது. வெளியே வீக்கம் தெரியாத மடியழற்சியையும் இது காட்டிவிடும். சுவிஸில் ஒரு மில்லிலீற்றர் பாலில் இருக்கக்கூடிய கலங்களுக்கு எல்லை 350,000. ஐரோப்பிய ஒன்றியத்தில் 400,000.

அவர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினார். அந்தப் பசுவைக் கடைசியாகத்தான் கறப்பாராம். "இது கையோடு போகும் வருத்தம்," என்றார்.

அந்தச் சொல்லோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா அம்மாள் வருத்தத்தில் படுத்துவிட்டா. எங்கள் பசுவை நான் கறக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு மாமியும் கை ஏலாமல் இருந்ததால் முதலில் அவவின் மாட்டைக் கறந்துவிட்டு, அதே கையோடு எங்கள் கொட்டிலுக்கு வருவேன். மாமியின் மாட்டுப் பால் சிலவேளை திரிதிரியாக வரும். வெய்யில் என்று நினைத்தேன். இரண்டு கிழமையில் எங்கள் பசுவின் மடி கல்லாக இறுகியது. பின் வலது காம்பு அடைபட்டுப் போனது, பிறகு திறக்கவே இல்லை. மாமியின் நாவூறு என்றார்கள். அம்மா அவவோடு கதைப்பதை நிறுத்தினா. இடம்பெயர்ந்து அவரவர் ஒவ்வொரு திக்காகப் போகும்வரை அந்த வேலிப் பொட்டு மூடியே கிடந்தது.

பிறகு தேடி வாசித்தேன். மடியழற்சிக்குக் காரணமான கிருமிகள் பல. சாணத்திலும் படுக்கையிலும் இருந்து வருபவை ஒரு வகை. மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றுபவை இன்னொரு வகை. இரண்டாவது வகையில் பொல்லாதது ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ். அது மடியின் கலங்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதால் மருந்துக்கு இலேசில் அகப்படாது. அதில் 'பி' என்ற மரபுவகை சுவிஸ் பட்டிகளில் வேகமாகப் பரவுவதைப் பேர்ணுக்கு அருகே லீபெஃபெல்டில் உள்ள அக்ரோஸ்கோப் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கோடையில் பல வீட்டு மாடுகள் ஆல்ப் மேய்ச்சலில் ஒன்றாகக் கறக்கப்படும்போதும் அது பரவுகிறது. பாலிலேயே அந்த வகையைப் பிரித்தறியும் சோதனையைச் செய்து, டிச்சீனோ மாநிலம் முழுவதிலும் அதை ஒழிக்க முனைந்தார்கள். வழிமுறை எளிமையானது: தொற்றிய மாட்டைக் கண்டுபிடி, மருந்து கொடு, கடைசியாகக் கற, மாறாவிட்டால் பட்டியை விட்டு அகற்று.

போன மாரியில் விசுவமடுவிலிருந்து தங்கச்சி எடுத்தாள். இரண்டு பசுவில் ஒன்றுக்கு மடி வீக்கம். மிருக வைத்தியர் காம்புக்குள் ஏற்றும் மருந்து கொடுத்திருந்தார். மருந்து போடும் நாட்களிலும் அதற்குப் பிறகு அவர் சொல்லும் நாட்களிலும் பாலை விற்கக்கூடாது.

"கொட்டவோ அண்ணை? கொட்டிப்போட்டுப் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

இங்கே பண்ணைக்காரர் கொட்டுகிறார், புத்தகத்தில் எழுதி வைக்கிறார். அவருக்கு அது நட்டம். அவளுக்கு அது அரிசி. விற்றால் மருந்தின் மிச்சம் பிறர் வயிற்றுக்குப் போகும், தயிர் உறையாது, கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடும். பால் கையில் காசானதும் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் வருத்தம் திரும்ப வரும். எல்லாம் சொன்னேன். சொல்வது எனக்குச் சுகம்.

அவள் யூட்டியூப்பில் பார்த்த வைத்தியத்தைக் கேட்டாள்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50, சுண்ணாம்பு 15, அரைத்து மடியில் பூசுவது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பியது அது. இந்தியாவின் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் அதை எடுத்துச் சொல்கிறது. வைத்தியரைக் கேட்டுப் பூசு, ஆனால் காய்ச்சலோடு நிற்கிற மாட்டுக்குத் தொடங்கிய மருந்தை நிறுத்தாதே என்றேன். கொட்டும் பாலுக்கான காசை அனுப்பினேன். எல்லா வீட்டுக்கும் சூரிச்சில் ஒரு அண்ணன் இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் கடைசியில் கையைப் பற்றிச் சொன்னேன்: நல்ல மாட்டை முதலில் கற, நடுவில் சவுக்காரம் போட்டுக் கழுவு, கறந்து முடிய காம்பை மருந்துத் தண்ணியில் தோய்.

தொலைபேசி அம்மாவின் கைக்குப் போனது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா.

"அம்மா, அண்டைக்கு மாமியின்ரை நாவூறு இல்லை. நான்தான். என்ரை கை."

"உனக்கு ஆர் சொன்னது?"

"இஞ்சை ஒரு மாட்டுக்காரர்."

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"நீ சின்னப்பிள்ளை," என்றா அம்மா. "நான் பெரிய மனிசி. அவளோடை நான் கதைச்சிருக்கலாம்."