பர்மா பஜாரும் பர்மா அம்மனும்

ஆவடியில் புறப்படும் கடற்கரை மின்சார ரயில், திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் எழுந்தருளியிருக்கும் ஊரைக் கடந்து, அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் வழியாக வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ஒரு கணம் நின்று செல்கிறது. சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் ஒருபுறம் துறைமுகம், மறுபுறம் ஜார்ஜ் டவுனின் பழைய கோயில்கள், இடையில் இராஜாஜி சாலையோரம் பர்மா பஜார். மேற்குப் புறநகரிலிருந்து காளிகாம்பாளைத் தரிசிக்க வரும் முதியோர் பலருக்கு இந்தப் பாதை பழகிய ஒன்று. ஆனால் வியாசர்பாடிக்கும் துறைமுகத்துக்கும் பஜாருக்கும் இடையே ஓடும் ஒரு பெருங்கதை எல்லோருக்கும் தெரிந்ததன்று.

பர்மிய அரக்குப் பெட்டி, பர்மியக் கெம்பு, பர்மியப் பச்சைக்கல் ஆகியவற்றைத் தேடி பர்மா பஜாருக்குச் செல்பவர் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அங்கே இருப்பவை வாசனைத் திரவியங்கள், கைக்கடிகாரங்கள், கைப்பேசிகள், அவற்றின் உதிரிப் பொருட்கள். பர்மா என்ற பெயர் அங்கு விற்கும் பொருள்களால் வந்ததன்று, விற்றவர்களால் வந்தது.

இழந்து வந்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் பர்மாவுக்குச் சென்றனர். வயலிலும் துறைமுகத்திலும் உழைக்கச் சென்றோர் பலர். கொடுக்கல் வாங்கல் நடத்தச் சென்ற நகரத்தார் சிலர். சென்ற இடமெல்லாம் கோயில் எழுப்பினர். இரங்கூன் நகரின் நடுவே 1871-ல் தமிழர்கள் அமைத்த காளி கோயில் இன்றும் வண்ணக் கோபுரத்துடன் விளங்குகிறது. நகரத்தார் தங்கள் தொழிலுக்குத் துணையாகத் தண்டாயுதபாணியை அழைத்துச் சென்றனர். இரங்கூனை அடுத்த பீலிக்கானில் அங்காள பரமேஸ்வரியும் முனீஸ்வரரும் தீமிதித் திருவிழாவுடன் வழிபடப்பட்டனர்.

1941 டிசம்பரில் இரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. இலட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். வழியில் மாண்டவர் பலர். போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பவும் பர்மா சென்றனர். 1962 மார்ச்சில் நே வின் தலைமையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையென்று அறிவிக்கப்பட்டன. வாழ்நாள் சேமிப்பு ஒரே நாளில் காகிதமாயிற்று.

அதன்பின் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்கள் எண்ணிக்கை ஒரு இலட்சத்தையும் தாண்டும். பணமும் பொன்னும் எடுத்துவரக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. கழுத்தில் கிடந்ததையும் காதில் கிடந்ததையும் புறப்படும் துறையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய பெண்களின் கதை, அக்குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. வந்தவர்களில் பலர் வியாசர்பாடியிலும் வடசென்னையின் பிற பகுதிகளிலும் குடியமர்ந்தனர். பிழைப்புக்கு வழியின்றி நின்றவர்களுக்காக 1969-ல் துறைமுகத்தின் எதிரே அமைந்ததே பர்மா பஜார்.

வெளிநாட்டுப் பொருள் கிடைப்பது அரிதாக இருந்த அக்காலத்தில் அச்சிறு கடைகள் ஊரெங்கும் பெயர் பெற்றன. 1991-க்குப் பின் இறக்குமதி தளர்ந்ததும் அந்தக் கவர்ச்சி குறைந்தது. உண்மையில் பர்மாவின் சுவடு அப்பகுதியில் மிஞ்சியிருப்பது மாலை வேளையில் தள்ளுவண்டிகளில் கிடைக்கும் அத்தோவிலும் மொய்ங்காவிலும்தான். வாழைத்தண்டு சேர்ந்த அந்தச் சாற்றில் மீனும் சேர்வது வழக்கமாதலால், சைவ உணவினர் கேட்டறிந்து உண்பது நலம்.

செட்டிநாட்டில் வாழும் பர்மா

அப்படியானால் அசல் பர்மியக் கைவினைப் பொருள் தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடைக்கும். பழம்பொருள் கடைகள் வரிசையாக அமைந்த தெரு அது. நகரத்தார் வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை என்பதை அனைவரும் அறிவர். அந்த வீடுகளில் மகளுக்குச் சீராகக் கொடுத்த பர்மிய அரக்குப் பெட்டிகளும் தட்டுகளும் கிண்ணங்களும் இருந்தன. கூட்டுக் குடும்பங்கள் பிரிந்து, வீடுகள் பூட்டப்பட்டபோது அவற்றில் பல இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தன.

அரக்குப் பாத்திரம் செய்யும் முறை பொறுமையின் இலக்கணம். மூங்கிலை மெல்லிய நாராக வகிர்ந்து முதலில் கூடு பின்னுவர். உயர்ந்த வகையில் குதிரை மயிரும் சேரும். அதன்மேல் தித்ஸி என்னும் மரத்திலிருந்து வடியும் கறுத்த பாலைப் பூசி, ஈரப்பதமுள்ள நிலவறையில் உலர வைப்பர். உலர்ந்ததும் தேய்த்து மீண்டும் பூசுவர். இவ்வாறு பல பூச்சுகள். ஒரு நல்ல பாத்திரம் முடியப் பல மாதங்கள் ஆகும். பின் எழுத்தாணி போன்ற கருவியால் கோலமும் உருவமும் கீறி, அக்கீறலில் சிவப்பு, மஞ்சள், பச்சை வண்ணங்களை ஒவ்வொன்றாக நிரப்புவர். பகான் நகரம் இத்தொழிலுக்குப் பேர்போனது.

வாங்க விரும்புவோர் பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மூங்கில் கூட்டின் மேல் செய்தது அளவுக்கு மீறி இலேசாக இருக்கும். மரத்தில் கடைந்து வெறும் சாயம் அடித்தது கனக்கும். உட்புறம் ஓரத்தில் பூச்சு பெயர்ந்திருந்தால் அங்கே மூங்கில் பின்னல் தெரியும். மலர், குங்குமம், வெற்றிலை வைக்க இது ஏற்றது. சூடான பண்டம் வைத்தால் பூச்சு கெடும்.

கல்லும் சட்டமும்

சிவப்புக் கல்லுக்குப் பர்மாவின் மொகோக் பள்ளத்தாக்கு உலகப் புகழ் பெற்றது. ஆனால் "பர்மாக் கெம்பு" என்று சொல்லி விற்பதெல்லாம் மொகோக்கிலிருந்து வந்ததன்று. உலையில் செயற்கைக் கெம்பு செய்யும் முறை 1902-லேயே வெளியாகிவிட்டது. அம்மனுக்குச் சாத்த அட்டிகை செய்பவர்கள்கூடப் பெரும்பாலும் செயற்கைக் கல்லையே பதிக்கின்றனர். அதில் தவறில்லை, செயற்கை என்று சொல்லிச் செயற்கையின் விலைக்குக் கொடுத்தால் போதும். இயற்கைக் கல்லென்று சொல்லிப் பெரும் விலை கேட்டால், ஆய்வகச் சான்றிதழும் முறையான ரசீதும் இன்றி ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துக் கொடுக்கலாகாது.

பச்சைக்கல் விஷயத்தில் இன்னும் விழிப்பு வேண்டும். பர்மாவின் வடக்கே காச்சின் பகுதியில் வெட்டியெடுக்கும் ஜேட் வேறு, நவரத்தினங்களுள் ஒன்றான மரகதம் வேறு. இரண்டும் பச்சையே ஆயினும் கல்லின் இயல்பு வேறு. ஜேட்டிலோ மலிவான பச்சைக் கல்லிலோ செதுக்கிய இலிங்கத்தை மரகத இலிங்கமென்று விற்பதுண்டு. பூசைக்கு எந்தக் கல்லும் குறைந்ததில்லை. பக்தியைச் சாக்கிட்டுப் பொய் விலை வாங்குவதுதான் குறை.

சட்டமும் நினைவில் இருக்கட்டும். நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை உரிமம் பெற்றவரே விற்கலாம். பழம் சிற்பங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். யானைத் தந்தப் பொருள்கள் எவ்வளவு அழகாயினும் வாங்கவோ விற்கவோ கூடாது. புத்தர் திருவுருவம் பர்மியருக்கு அலங்காரப் பொருளன்று, வழிபடு தெய்வம். அதை வாங்குவோர் செருப்பு அலமாரியின் மேலோ காலடியிலோ வைக்காமல் உயர்ந்த இடத்தில் வைப்பதே முறை.

எல்லையில் நின்ற தாய்

பர்மியச் சந்தைக்கு அருகே தமிழர் வாழும் ஊர் ஒன்று இந்தியாவிலேயே உண்டு. மணிப்பூரில் இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் எல்லையை ஒட்டியுள்ள மோரே அது. 1960-களில் தாயகம் திரும்பிய தமிழர் சிலருக்கு இங்கு வாழ்க்கை பிடிபடவில்லை. பிறந்து வளர்ந்த பர்மாவுக்கே நடந்து செல்லத் துணிந்தனர். எல்லையில் தடுக்கப்பட்டனர். முன்னே போகவும் வழியில்லை, பின்னே திரும்பவும் மனமில்லை. நின்ற இடத்திலேயே குடிசை போட்டனர். பின்பு தமிழ்ச் சங்கம் அமைத்தனர். அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் எடுத்தனர். தென்னாட்டுக் கோபுரம் ஒன்று வடகிழக்கு மலையடிவாரத்தில் எழுந்தது.

1995-ல் எல்லை வணிகம் முறையாகத் திறந்தது. அப்பால் நாம்பலாங் சந்தையில் பர்மியக் குடைகள், கம்பளிகள், மூங்கில் பொருள்கள், தனக்காக் கட்டை முதலியவை வாங்க இந்தியப் பயணிகள் சென்று வந்தனர். அவர்கள் திரும்பும் வழியில் அம்மனையும் தரிசித்தனர். 2020-ல் நோய்த்தொற்றினால் வாயில் மூடப்பட்டது. மறு ஆண்டு பர்மாவில் மீண்டும் இராணுவ ஆட்சி வந்தது. 2023 மே மாதம் தொடங்கிய மணிப்பூர்க் கலவரம் மோரேயையும் விட்டுவைக்கவில்லை. இரு முறை புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு மூன்றாம் முறையும் ஊரைவிட்டுப் போக நேருமோ என்ற கலக்கம் வந்தது. ஆகவே இப்போது அங்கு யாத்திரை புறப்பட நினைப்போர் நிலைமையை நன்கு விசாரித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

சென்னையில் குடியமர்ந்தவர்களும் தங்கள் தெய்வத்தை மறக்கவில்லை. பீலிக்கானில் வணங்கிய அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் வடசென்னையில் கோயில் எழுப்பித் தீமிதியும் நடத்துகின்றனர். பொன்னும் பணமும் துறைமுகச் சோதனையில் நின்றுவிட்டன. அம்மனை எந்தச் சுங்க அதிகாரியும் தடுக்கவில்லை.

மேற்குப் புறநகர் அன்பர்கள் ஒரு காலைப் பொழுதில் கடற்கரை நிலையத்தில் இறங்கி, தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாளை முதலில் தரிசிக்கலாம். 1677-ல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கியதாகத் தலமரபு கூறும் சந்நிதி அது. பாரதியாரும் வழிபட்ட இடம். பின்பு பஜார் வழியே மெல்ல நடக்கலாம். எதையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. பேரப்பிள்ளைகள் உடன் வந்திருந்தால், இந்தக் கடைவீதிக்குப் பர்மா என்று ஏன் பெயர் வந்தது என்பதைச் சொல்லலாம். மோரேயில் நிற்கும் மக்களுக்கும் அங்குள்ள தாயே துணையிருக்க வேண்டுமென்று காளிகாம்பாள் சந்நிதியில் ஒரு விளக்கும் ஏற்றி வரலாம்.