உள்பக்கப் பிடி

ஆடிக் காற்றில்தான் அது நடந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று திருநெல்வேலியை எட்டும்போது அதற்குக் கதவு, ஜன்னல் என்று எந்த மரியாதையும் கிடையாது. மாலை நான்கு மணி. விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டு என் அறையில் உட்கார்ந்திருந்தேன். கதவு படாரென்று அடித்துச் சாத்திக்கொண்டது. எழுந்து போய்த் திறக்கக் கை நீட்டினேன். பிடிப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் கதவின் உள்பக்கப் பிடி உடைந்து பதினோரு மாதங்கள் ஆகியிருந்தன. போன ஆவணியில் ஒருநாள் திறக்கும்போது கையோடு வந்துவிட்டது. வெளிப்பக்கப் பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வழக்கம்போல் பளபளவென்று இருந்தது. உள்ளே இரண்டு திருகாணியில் தொங்கும் தகடும், நடுவில் விரல்நுனி அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கம்பியும் மட்டும் மிஞ்சின. கதவு சாத்திக்கொள்ளாமலிருக்கத் தமிழ் லெக்சிகனின் தொகுதி ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருப்பேன். அன்றைக்கு மகன் அதை எடுத்துப் போய் மடிக்கணினிக்கு அடியில் வைத்திருந்தான்.

கூப்பிட்டேன். அம்மா கூடத்தில் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது மந்தம். மகனின் காதில் ஹெட்போன். கைப்பேசி கூடத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சதுரக் கம்பியை விரலால் திருகிப் பார்த்தேன். உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் விடவில்லை. விரல் கன்றிப்போனது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மேஜையோரத்தில் அம்மாவின் வெற்றிலைப் பெட்டி கண்ணில் பட்டது. பாக்குவெட்டியை எடுத்தேன். அதன் வாயில் கம்பியைக் கவ்வக் கொடுத்து அழுத்தித் திருப்பினேன். கதவு திறந்துகொண்டது.

வெளியே வந்ததும் யாரிடமும் கத்தவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. அம்மாவின் வெற்றிலைப் பெட்டி என் மேஜைக்கு எப்படி வந்தது?

பதில் எளிது. மதியம் நான் கல்லூரியில் இருக்கும்போது அம்மா அங்கேதான் உட்காருவாள். மகன் சைக்கிள் பம்பை அங்கேதான் வைப்பான். துணி மடிப்பது அங்கே. கூரியரில் வந்த பெட்டிகள் அங்கே. இணையர் வருமான வரிக் கோப்புகளைப் பரப்புவதும் அங்கே. யாரும் திட்டம் போட்டு வரவில்லை. சாத்த முடியாத கதவு என்பதால் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிட்டார்கள். இந்தப் பதினோரு மாதத்தில் நான் ஒரு கவிதைகூட முடிக்கவில்லை. ஆரம்பித்தவை உண்டு. “அம்மா, என் ஊதா சட்டை எங்க?” என்பதற்கு முந்தைய வரியோடு அவை நிற்கின்றன.

பிடியை மாற்றாமல் விட்டதற்கு வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்தது. “ஆசாரியை வரச் சொல்லணும்” என்பது இணையரின் காரணம். நல்ல மனிதர். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னார். ஒரு பிடிக்காக மட்டும் ஆசாரி வரமாட்டார், வேறு வேலையும் சேரட்டும் என்பது அம்மாவின் காரணம். என்னுடைய காரணத்தை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நாளானது. கதவைச் சாத்துகிற பெண் ஏன் சாத்தினாள் என்று பதில் சொல்ல வேண்டும். கோபமா, தலைவலியா, யாரோடு பேச்சு? பிடியில்லாத கதவு என்றால் அந்தக் கேள்வியே வராது. உடைந்த பிடி எனக்கும் ஒரு சாக்காக இருந்தது.

நான் முனைவர் பட்டம் வாங்கியதே வீடுகளைப் பற்றி எழுதித்தான். சங்க அகப்பாடல்களில் இல்லம் என்பது தலைப்பு. ஆண்டுதோறும் மாணவிகளுக்கு நெடுநல்வாடை நடத்துகிறேன். அதில் அரண்மனைக் கதவை நக்கீரர் ஒரு தச்சரின் கண்ணோடு பார்க்கிறார். இரும்பால் பிணித்தது, சிவந்த அரக்குப் பூசியது, தாழோடு பொருத்தியது, மூட்டுவாயில் இடைவெளி தெரியாதபடி கைதேர்ந்தவன் முடுக்கியது. நிலையில் நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பியிருக்கும். அவ்வளவு சிறந்த கதவுகளைக் கடந்து போனால் உள்ளே அரசி இருக்கிறாள், பாசறையிலிருக்கும் கணவனை நினைத்துக் கலங்கியபடி. அந்தக் கதவு யாருக்காக, அதைச் சாத்தும் உரிமை அவளுக்கு உண்டா என்று நானும் வகுப்பில் கேட்டதில்லை. உரையாசிரியர் சொன்ன கட்டடக்கலையை விளக்கிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன்.

கலிங்கத்துப்பரணியில் கடை திறப்பு என்று ஒரு பகுதியே இருக்கிறது. கடை என்றால் வாசல். ஊடலில் கதவடைத்துக்கொண்ட பெண்களைப் பார்த்து, திறவுங்கள் திறவுங்கள் என்று செயங்கொண்டார் வெளியே நின்று பாடுகிறார். அழகான பகுதி. ஆனால் உள்ளேயிருந்து ஒரு பதிலும் வராது. ஒருத்தி தாழ் போட்டால் அது ஊடலாகத்தான் இருக்க வேண்டும், அதைத் திறக்க வைப்பதுதான் கவிஞரின் வேலை. உள்ளே அவள் தனக்காகவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டவுனில் ஒரு ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனேன். “கதவுப் பிடி வேணும்” என்றேன். கடைக்காரர் வரிசையாகக் கேட்டார். மார்ட்டிஸ் செட்டா, சும்மா இழுக்கிற கைப்பிடியா? பிளேட் எத்தனை இன்ச்? வலது கைக் கதவா, இடது கைக் கதவா? கதவு என்ன தடிமன்? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. வலது கைக் கதவு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். “சார கூட்டிட்டு வாங்க மேடம்” என்றார். அவர் குரலில் கேலி இல்லை. எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார்.

வீட்டுக்கு வந்து திருப்புளியைத் தேடினேன். அப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. திருப்புளி, குறடு, அரம், சுத்தியல், டப்பா டப்பாவாகத் திருகாணிகள். விடுமுறை நாளில் அவர் பெட்டியைத் திறந்தால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பான். நான் போனால், “கையில குத்திக்கிடுவ, உள்ள போ” என்பார். பாசம்தான். அந்தப் பாசத்தில் நாற்பத்தாறு வயதுவரை நான் ஒரு திருகாணியைக் கழற்றியதில்லை. அப்பா இறந்த பிறகு அந்தப் பெட்டி அண்ணன் வீட்டுக்குப் போனது. அது எங்கே போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

எதிர்வீட்டில் திருப்புளி வாங்கிவந்து பழைய பிடியைக் கழற்றினேன். கழற்றிப் பார்த்தால் தெரிந்தது, அது அந்த ஒரு நாளில் உடையவில்லை. சதுரக் கம்பி போய் உட்காரும் சதுரக் குழி தேய்ந்து தேய்ந்து வட்டமாகியிருந்தது. மூலைகள் இருக்கும்வரைதான் பிடி கம்பியைத் திருப்பும். மூலைகள் மழுங்கினால் பிடி மட்டும் சுற்றும், கம்பி அசையாது. சில காலமாகவே அந்தக் கதவை இரண்டு மூன்று முறை திருப்பித்தான் திறந்திருக்கிறோம். பழகிவிட்டோம். குழியின் ஓரத்தில் விரிசல் விட்டு, கடைசியில் கையோடு வந்தது. ஏழு இன்ச் பிளேட், கதவின் தடிமன் 32 மி.மீ., கம்பி 8 மி.மீ. எல்லாவற்றையும் ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் பழைய பிடியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அதே கடைக்குப் போனேன். இந்த முறை உள்ளே சரக்கு எடுத்துக் கொடுக்கும் பெண் வந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். பழையதைத் திருப்பிப் பார்த்தாள்.

“உள்ள தாப்பா வேணுமாக்கா, சும்மா சாத்துனா போதுமா?”

“உள்ள தாழ் வேணும். சாவி வேண்டாம்.”

“அப்ப பாத்ரூம் செட்டு எடுத்துக்கோங்க. உள்ள குமிழு. வெளிய காசு.”

புரியவில்லை. பிரித்துக் காட்டினாள். உள்பக்கம் பிடிக்குக் கீழே சிறிய குமிழ், திருப்பினால் தாழ் விழும். வெளிப்பக்கம் சாவித் துவாரம் கிடையாது, ஒரு கீறல் மட்டும். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் கீறலில் நாணயத்தை வைத்துத் திருப்பித் திறந்துவிடலாம். “எங்க ஹாஸ்டல்ல இதுதாங்க்கா இருந்துச்சு” என்றாள்.

சாவி இல்லாமல் உள்ளிருந்து மட்டும் தாழ் போடும் பூட்டுக்குக் கடையில் பாத்ரூம் செட் என்றுதான் பெயர். இதைக் கேட்டதும் சல்மா நினைவுக்கு வந்தார். வீட்டார் கண்ணில் படாமல் கழிவறைக்குள் நின்று எழுதியதை அவரே சொல்லியிருக்கிறார். 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ வெளிவந்தபோது அதை நாங்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். பெண் தாழ் போட்டால் கேள்வி வராத ஒரே இடம் அதுதான். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் பெண்ணுக்கு ஓர் அறை கேட்டபோது, அந்த அறைக்குப் பூட்டும் சேர்த்தே கேட்டார். அறையை நினைவில் வைத்துக்கொண்டோம். பூட்டை விட்டுவிட்டோம்.

சனிக்கிழமை காலையில் மாட்ட உட்கார்ந்தேன். “நான் பண்றேனே” என்றார் இணையர். டார்ச் அடிக்கச் சொன்னேன். அடித்தார். பழைய திருகாணித் துளைகள் பெரிதாகி, புதிய திருகாணி நிற்காமல் சுற்றியது. தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளையில் செருகி, காயவிட்டு, பிறகு முடுக்கினால் பிடிக்கும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். பிடித்தது. தாழ் போய் விழ நிலையில் பள்ளம் போதவில்லை. அரை இன்ச் ஆழப்படுத்த வேண்டும். உளி பிடிக்கத் தெரியாமல் நிலை மரத்தில் கோணலாக ஒரு வெட்டு விழுந்தது. இன்னும் இருக்கிறது. ஆசாரி அரை மணி நேரத்தில் முடிக்கும் வேலை எனக்கு மதியச் சாப்பாடு தாண்டியும் இழுத்தது. கடைசித் திருகாணியை முடுக்கும்போதுதான் உறைத்தது, இந்த முடுக்குதல் நான் வகுப்பில் பல ஆண்டுகளாகப் பொருள் சொல்லிவந்த அதே வினைச்சொல் என்று. பொருள் இப்போதுதான் மணிக்கட்டுக்கு வந்தது.

குமிழைத் திருப்பிப் பார்த்தேன். ‘டக்’கென்று விழுந்தது.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏட்டி, யாருக்குப் பயந்து தாப்பா போடுத?”

“பயமில்லம்மா. எழுதணும்.”

“நாங்கல்லாம் தாப்பா போட்டா குடும்பம் நடத்துனோம்?”

இரவு அண்ணன் தொலைபேசியில் பேசினான். வயதானவர் இருக்கும் வீட்டில் உள்தாழ் ஆபத்து என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெளிக் கீறலைப் பற்றிச் சொன்னேன். நிலையின் மேல் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்தேன். அதை எடுத்துத் திறப்பது எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும் செய்து காட்டினேன். அவசரத்துக்கு மட்டும், ஊதா சட்டை அவசரமில்லை என்றும் சொன்னேன். முதல் வாரம் கதவை நான்கு முறை தட்டினார்கள். இரண்டாம் வாரம் இரண்டு முறை. வருமான வரிக் கோப்புகள் தாமாகக் கூடத்துக்கு இடம் பெயர்ந்தன.

புரட்டாசியில் ஒருநாள் கல்லூரி சீக்கிரம் விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்தால் என் அறைக் கதவு சாத்தியிருந்தது. பிடியைத் திருப்பினேன். திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. கூடத்தில் தொலைக்காட்சி அணைந்திருந்தது. அம்மாவைக் காணோம். எழுபத்துநான்கு வயது. நெஞ்சு திக்கென்றது. கை தானாக நிலையின் மேல் நாணயத்தைத் தேடியது. எடுத்துக் கீறலில் வைத்தேன்.

அப்போது உள்ளே பாக்குவெட்டியின் சத்தம் கேட்டது. நிதானமாக ஒரு வெட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

அம்மா கல்யாணமாகி வந்த வீட்டில் பதினாலு பேர். அவள் கூடத்தில்தான் படுத்தாள். பிறகு அப்பாவின் வீடு, இப்போது என் வீடு. அவளுக்கென்று ஒரு கதவு எங்கேயும் இருந்ததில்லை. என் அறைக்காக ஒரு வருஷம் நான் மனசுக்குள் புழுங்கியபோது, அதே வீட்டில் கூடத்துக் கட்டிலில் படுக்கிறவளை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மதியங்களில் அவள் அங்கே போய் உட்கார்ந்ததை ஆக்கிரமிப்புக் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன்.

நாணயத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்குப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துத் தாழ் விலகும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் என்னைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தாள்.

“எப்ப வந்த? தட்டியிருக்க வேண்டியதானே. சும்மாதாம் இருந்தேன்.”

“இருங்கம்மா” என்றேன்.

மறுவாரம் டவுனுக்குப் போனபோது அந்தக் கடையில் இன்னொரு பாத்ரூம் செட் வாங்கினேன். இணையரின் கோப்புகளும் பழைய பெட்டிகளும் கிடக்கும் பின்னறையைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அது இடது கைக் கதவு. அளந்துவிட்டேன்.