வறுவலில் இருக்கிறது சங்கதி

காப்பியை விடப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் நேராக நாட்டு மருந்துக் கடைக்குத்தான் போகிறார்கள். துளசி, ஆவாரம்பூ, செம்பருத்தி, முருங்கை இலை எல்லாம் பொட்டலம் பொட்டலமாக வீட்டுக்கு வருகிறது. வெந்நீரில் போட்டு, வடிகட்டி, கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பழைய டபரா தம்ளர் அலமாரியிலிருந்து இறங்கிவிடுகிறது. மூலிகையைக் குறை சொல்லிப் பயனில்லை. இலையையும் பூவையும் கொதிக்க வைத்தால் கஷாயம்தான் கிடைக்கும். நாக்கு கேட்பது கஷாயத்தை அல்ல.

பச்சைக் காப்பிக்கொட்டையை முகர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் காப்பி வாசனையே இராது. காய்ந்த பயறின் வாடைதான் வரும். சட்டியில் சூடேறி, கொட்டைக்குள் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து கருக்கும்போதுதான் அந்த மணம் பிறக்கிறது. மெயிலார்ட் வினை என்பார்கள். தோசையின் முறுகல் விளிம்பிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆகவே மாற்று வேண்டுமென்றால் எந்த மூலிகை என்பது இரண்டாவது கேள்வி. எதை, எவ்வளவு நேரம் வறுப்பது என்பதுதான் முதல் கேள்வி.

*

காந்திக்கு இது தெரிந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் 1913-இல் குஜராத்தியில் உடல்நலம் பற்றித் தொடர்ந்து எழுதினார். அவை ஆங்கிலத்தில் நூலாக வந்தது 1921-இல், நம் சென்னையில்தான். எஸ். கணேசன் வெளியீடு. டீ, காப்பி, கொக்கோ மூன்றையும் அதில் சாடிவிட்டு, விட முடியாதவர்களுக்காக ஒரு செய்முறையும் கொடுக்கிறார். சுத்தம் செய்த கோதுமையை வாணலியில் சிவந்து கருக்கத் தொடங்கும்வரை வறுத்து, காப்பித்தூள் போல அரைக்க வேண்டும். ஒரு கரண்டித் தூளில் கொதிநீர் ஊற்ற வேண்டும். வேண்டுமானால் பால், சர்க்கரை. அவ்வளவுதான். உபவாசமும் உப்பில்லாச் சாப்பாடும் சொன்ன மனிதர் இங்கே மட்டும் நாக்கோடு சமாதானம் பேசியிருக்கிறார்.

செய்து பார்க்கலாம், நன்றாகவே வரும். சம்பா கோதுமை என்றால் இன்னும் வாசனை. கனமான இரும்புச்சட்டி, சிறு தீ, கை ஓயக்கூடாது. வெளியே கருத்து உள்ளே வெள்ளையாக நின்றால் தீ அதிகம் என்று அர்த்தம். ஒரு மணியைக் கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

*

நம் ஊர்ச் சரக்கு என்றால் கொத்தமல்லி விதை. சாம்பாருக்கு வறுக்கிற பக்குவத்தில் நிறுத்தினால் சாம்பார் வாசனைதான் வரும். அதைத் தாண்டிப் போக வேண்டும்.

சட்டி காய்ந்ததும் விதையைக் கொட்டினால் முதலில் ஈரம் போகும். கொஞ்ச நேரத்தில் எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறின மாதிரி ஒரு வாசனை எழும்பும். இங்கேதான் எல்லோரும் இறக்குகிறார்கள். இறக்காமல் கிளறினால் அந்த மணம் அடங்கிவிடும். விதை லேசாகப் படபடக்கும், நிறம் செம்மண்ணாகி, பிறகு பழுப்பாகும். புகை தலைகாட்டும் முன்பே அடுப்பை அணைத்து, வேறு தாம்பாளத்தில் பரப்பிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் இருக்கிற சூட்டில் இன்னும் கருகிக் கசக்கும்.

இதில் ஒரு சிக்கல். மல்லியின் உயிர் லினலூல் என்கிற எண்ணெயில் இருக்கிறது, அது ஆவியாகிப் போகிற சரக்கு. கருக்க வறுத்தால் காப்பித்தனம் வரும், மல்லித்தனம் போகும். அதனால் மூன்றில் இரண்டு பங்கைக் கருக்க வறுத்து, ஒரு பங்கை வாசனை வந்ததுமே இறக்கி, இரண்டையும் சேர்த்து அரைப்பது நல்லது. மிக்ஸி ஜார் சூடாக இருக்கும்போது மறுபடி ஓட்டக்கூடாது. போன வாசனை திரும்பாது.

*

மல்லிக்கு ஜோடி சுக்கு. அதை வாங்கப் போன இடத்தில்:

"அண்ணாச்சி, இது ஏன் இப்படி வெள்ளவெளேர்னு இருக்கு?"

"சுண்ணாம்பு போட்டுக் காயவச்சது. வெள்ளையா இருந்தாத்தானே சனங்க வாங்குது. காப்பிக்குன்னா சொல்லுங்க, உள்ள மூடையில வேற கெடக்கு, எடுத்துத் தாரேன்."

உள்ளேயிருந்து வந்தது மண் நிறத்தில், தோலோடு, பார்க்க லட்சணமில்லாமல் இருந்தது. உடைத்தால் நெடி மூக்கில் ஏறியது. அதுதான் வேண்டும். தோலைச் சுரண்டிவிட்டு, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, நாரைச் சலித்துவிட்டுத்தான் மிக்ஸியில் போட வேண்டும். முழுசாகப் போட்டால் பிளேடு போகும். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் ஷோகாலாக மாறுகிறது. அது இன்னும் காரம். அதனால் இஞ்சி டீ போடுகிற கைக்கணக்கு சுக்குக்கு ஆகாது.

கணக்கு: மல்லி 100 கிராம், சுக்கு 25 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, ஏலம் ஐந்தாறு. இரண்டு தம்ளர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டித் தூள் போட்டு, ஒன்றரைத் தம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிட வேண்டும். சளி இருந்தால் ஒரு துண்டு சித்தரத்தை. திப்பிலி, அதிமதுரம் என்று அடுக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அது மருந்தாகிவிடும், அதற்கு வைத்தியர் இருக்கிறார். அதிமதுரத்தைத் தினமும் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஏற்கெனவே அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

*

ஒரு வேடிக்கை. காப்பித்தூளில் கலப்படம் என்று நம் வீடுகளில் காலகாலமாகத் திட்டப்பட்டவை எவை? வறுத்த புளியங்கொட்டை, பேரீச்சங்கொட்டை, அளவு மீறிய சிக்கரி. இன்று அதே பேரீச்சங்கொட்டை கண்ணாடிப் பாட்டிலில், பச்சை நிற லேபிளோடு, காப்பியைவிடக் கூடுதல் விலைக்கு ஆரோக்கிய பானமாக விற்கிறது. திருடனாக வந்தவனுக்கு இப்போது மாப்பிள்ளை மரியாதை.

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தின்ற பேரீச்சையின் கொட்டையை வழவழப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, கருக்க வறுத்தால் சரி. அரைப்பதுதான் பாடு. வறுத்த சூடு ஆறியதும் அம்மிக் குழவியால் உடைத்துக்கொள்வது மிக்ஸிக்கு நல்லது. கசப்பு குறைவு, அடியில் மெல்லிய கொக்கோ வாசனை. தனியாகக் குடித்தால் சப்பென்றிருக்கும், கோதுமையோடு சேர்த்தால் எடுபடும்.

சிக்கரியை ஏன் வைகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததில்லை. குஜராத்தின் ஜாம்நகர்ப் பக்கமும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிற ஒரு செடியின் வேர். அதில் கஃபீன் கிடையாது. இனுலின் என்ற நார்ச்சத்து வறுபட்டு இனிப்பும் கசப்புமாகக் கருகுவதுதான் அதன் சுவை. கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று சட்டம் இருப்பதால், மீதி 49 வரை சிக்கரி இருக்கலாம். அதாவது மூலிகைக் காப்பி தேடி அலைகிறவர்களில் பாதிப் பேர் பாதி மூலிகையைத்தான் இத்தனை நாள் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தேகமிருந்தால் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரின்மேல் தூளைத் தூவிப் பாருங்கள். காப்பி மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடியில் இறங்கும்.

*

சிக்கரிக்கு ஒரு பழைய கதையும் உண்டு. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் 1781-இல் காப்பி வறுப்பதை அரசின் ஏகபோகம் ஆக்கினார். வீட்டில் திருட்டுத்தனமாக வறுக்கிறவர்களைப் பிடிக்க, போரில் அடிபட்டு ஓய்ந்த சிப்பாய்களைத் தெருவில் மூக்கால் வேலை பார்க்க விட்டார். காப்பி மோப்பக்காரர்கள் என்றே அவர்களுக்குப் பெயர். காய்ச்சுவதையோ குடிப்பதையோ ஒளித்துவிடலாம், வறுப்பதை ஒளிக்க முடியாது. அதே காலத்தில்தான் ஜெர்மன் வீடுகளில் சிக்கரி காலூன்றியது. 1806-இல் நெப்போலியன் பிரிட்டனின் வணிகத்தை முடக்கக் கதவடைத்தபோது பிரான்சும் சிக்கரி வேருக்கு வந்து சேர்ந்தது.

*

எதையும் வறுத்தால் காப்பிதான் என்று கிளம்பிவிடவும் கூடாது. பேயாவரை விதையை வறுத்துக் காப்பிக்கு மாற்றாகக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஆனால் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அந்த விதையைப் பச்சையாகத் தின்ற குழந்தைகள் மூளையும் ஈரலும் தசையும் கெட்டு இறந்திருக்கிறார்கள். சாலையோரத்தில் மஞ்சள் பூவோடு நிற்கிறதே என்று பறித்து வருவது ஆபத்து. தெரிந்த கடை, தெரிந்த சரக்கு, இது போதும்.

*

யாழ்ப்பாணத்தார் காப்பி, மூலிகை வழக்கை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். காப்பிக்கொட்டையோடு மல்லியையும் வேர்க்கொம்பையும் வறுத்து இடித்த கோப்பித்தூள் அங்கே வீட்டுச் சரக்கு. வேர்க்கொம்பு என்பது நம் சுக்குதான். காப்பியா மூலிகையா என்ற சண்டைக்கே அங்கே இடமில்லை. பனங்கட்டியை ஒரு கடி, கோப்பி ஒரு மிடறு.

நமக்குக் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி என்று பெயர் சொல்லித்தான் விற்பார்கள், உள்ளே சீனி எவ்வளவு என்பது காய்ச்சியவருக்கே வெளிச்சம். கருப்பட்டியைப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்தால் பால் திரியும். தனியாகக் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேர்த்தால் திரியாது. எங்கள் பெரியம்மா பால் பக்கமே போகமாட்டாள். "பால ஊத்திட்டு அப்புறம் என்னத்துக்குடா சுக்கு?" என்பாள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டிதானே என்று தாராளம் காட்டக்கூடாது, அதிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான்.

*

தலைவலி பற்றி. காப்பியை ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மண்டை இடிக்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், 9 நாள்வரைகூட இழுக்கலாம். சுக்குமல்லி பொய்த்துவிட்டது என்று பலர் கைவிடுவது இந்த நாட்களில்தான். கஃபீன் இல்லாத பானம் எதுவும் அந்த இடியை நிறுத்தாது, ஆவாரம்பூவானாலும் சரி. யாழ்ப்பாணத்து வழிதான் உத்தமம். காப்பித்தூளில் கால் பங்கைக் குறைத்து அங்கே வறுத்த கோதுமையையோ மல்லியையோ போடுவது, சில நாள் கழித்து இன்னொரு கால். மாலைக் காப்பியை முதலில் மாற்றினால் தூக்கமும் சீராகும். காலைக் காப்பியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதை மாற்றாமலே இருந்துவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

அரைப்பதைக் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து நாளுக்குப் போதும் என்கிற அளவு. மல்லி பழசானால் மரத்தூள் வாசனை அடிக்கும். எவர்சில்வர் டப்பா, இறுக்கமான மூடி, ஈரக் கரண்டி ஆகாது.