எமலிங்கம் பக்கத்தில் ஒரு ஆயுள் கணக்கு

திருவண்ணாமலையில் பவுர்ணமி ராத்திரி கிரிவலம் போகிறவர்கள், 14 கிலோமீட்டரும் மலையைப் பார்த்தபடி நடப்பார்கள். நான் பாதையோரத் தள்ளுவண்டிகளின் அடியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பக்தி குறைச்சல் என்று நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் 'புஸ்'ஸென்று இரைந்த பெட்ரோமாக்ஸ் போய், இப்போது வண்டிக்குக் கீழே பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. மேலே எல்.இ.டி. பல்பு எரிவது அதன் தயவில்தான்.

எமலிங்கம் தாண்டி ஒரு சுண்டல் வண்டி. "பேட்டரி எத்தனை நாள் வரும் அண்ணே?"

"பதவிசா வச்சுக்கிட்டா வருஷக்கணக்குல வரும் சார். ஒட்ட உறிஞ்சினா மாசக்கணக்குதான்!"

எமனுக்குப் பக்கத்திலேயே ஆயுள் கணக்கு!

அவருடையது 12 வோல்ட், 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. 9 வாட் பல்பு இரண்டு போட்டால் 1.5 ஆம்பியர் இழுக்கும். பி.காம். மூளை உடனே வகுத்தது. "23 மணி நேரம் எரியுமே!"

சிரித்தார். "பாதிதான் சார் நம்மளுது. மீதி முதல். முதல்ல கை வைக்கலாமா?"

கல்லூரியில் மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்ததை, ஒரு பொட்டலம் மடிப்பதற்குள் சொல்லிவிட்டார். பாதி என்றாலும் 11 மணி நேரம். சாயங்காலம் ஆறுக்குப் போட்டால் விடிகாலை ஐந்து வரை கவலையில்லை. "விளக்கு மங்கிட்டா ஜனங்க அடுத்த வண்டிக்குப் போயிடும் சார்."

விஷயம் இதுதான். மின்சாரத்தை எடுக்க எடுக்க, உள்ளேயிருக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். நாள் கணக்கில் காலியாகப் போட்டால் கெட்டிப்பட்டுப் போகும், அப்புறம் கரையாது. அதனால் விடிந்ததும் அவருக்கு முதல் வேலை சார்ஜ்தான். முக்கால் பங்கு சீக்கிரம் ஏறும். கடைசிக் கால் பங்குக்குத்தான் பொறுமை வேண்டும்.

நடுக்கடலிலும் இதே கதைதான். 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து கிளம்பிய கடற்படையின் பாய்மரப் படகு 'தாரிணி', உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ல் திரும்பியது. படகில் இரண்டே பெண் அதிகாரிகள்: தில்னா, ரூபா. ரூபா நம் பக்கத்துப் புதுச்சேரிக்காரர். பாய்க்குக் காற்று போதும். ரேடியோவுக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் காற்று போதுமா? பாய்மரப் படகுகளில் எஞ்சின், சோலார் தகடு என்று எதையாவது வைத்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றியாக வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினைச் சீக்கிரம் நிறுத்தினால், கடைசிக் கால் பங்கு ஏறவே ஏறாது. அங்கே அடுத்த வண்டியும் கிடையாது!

சுண்டல்காரர் இன்னும் இரண்டு சொன்னார். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் முழுசாக ஏறிய பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்குமளவு முதலிலேயே ஊற்றலாம். குழாய்த் தண்ணீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும். இரண்டாவது, சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் பீடி கூடாது. வெளிவருவது ஹைட்ரஜன். கார்த்திகை வரை காத்திருக்காமல் வீட்டிலேயே தீபம் தெரியும்!

உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் பார்த்து எத்தனை நாளாயிற்று? இந்த ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். 14 கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை.