மூன்றாவது கிட்னி

எனக்கு மொத்தம் மூன்று கிட்னி. ஜம்பம் இல்லை சார், ஸ்டாக் கணக்கு. பி.காம். புத்தி அப்படி.

மாற்று ஆபரேஷன் என்றால் ரிப்பேரான பழசைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அது டூவீலர் மெக்கானிக் கடை. இங்கே பழைய இரண்டும் பெரும்பாலும் முதுகுப் பக்கம் அப்படியே கிடக்கும், ரிடையரான பெரியப்பாக்கள் மாதிரி. எனக்குப் புதுசு இருப்பது அடிவயிற்றில், வலது பாண்ட் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே.

இந்தப் புது ஆளை உடம்பு கடைசி வரை ‘நம்மாளு’ என்று ஒப்புக்கொள்ளாது. துரத்தத்தான் பார்க்கும். அதை அடக்கி வைக்க டாக்ரோலிமஸ் என்று ஒரு மாத்திரை. 1984-ல் ஜப்பானில், சுகுபா பக்கத்து மண்ணில் அகப்பட்ட ஒரு நுண்ணுயிரியின் உபயம். காலை ஒன்பது, ராத்திரி ஒன்பது, கிட்னி இருக்கிற வரைக்கும். பம்பளிமாஸ் கூடாது, ரத்தத்தில் மருந்தின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். தெருமுனை பானிபூரியா? மூச்! கூட்டம் என்றால் மாஸ்க். 2020-க்கு முன்னால் மாஸ்க்கோடு பஸ் ஏறினால், ‘ஏதோ ஒட்டுவாரொட்டி’ என்று பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விடுவார். ஜம்மென்று போய்க்கொண்டிருந்தேன். கொரோனா வந்து ஊரே மாஸ்க் போட்டதில் அந்தச் சௌகரியமும் போச்சு.

“எவ்வளவுக்கு சார் வாங்கினீங்க?”

இதைக் கேட்காத ஆளில்லை. வாங்கினால் ஜெயில் சார். 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. என்னுடையது மூளைச்சாவு அடைந்த ஒருவரின் வீட்டார் கொடுத்தது. 2008-ல் ஹிதேந்திரனின் பெற்றோர் செய்தார்களே, அதே மாதிரி. (பர்ஸில் தானக் கார்டு வைத்திருந்தாலும் கடைசியில் சம்மதக் கையெழுத்து வீட்டாருடையதுதான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.)

பட்டியலில் பேரைப் பதிந்துவிட்டு, வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் டயாலிஸிஸ் மெஷினோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி போன். “உடனே வாங்க. எதுவும் சாப்பிடாம வாங்க.” வீட்டில் தீபாவளி. அம்மா மட்டும், “அந்த வீட்டுல இப்ப எப்படி இருக்காங்களோ” என்றாள்.

அந்த வீடு எது என்று சொல்ல மாட்டார்கள். ஆணா, பெண்ணா, தெரியாது. வரவு இருக்கிறது, பற்று எழுதப் பெயரில்லை. 2023-லிருந்து உடலுறுப்பு தானம் செய்தவர்களுக்குத் தமிழக அரசு மரியாதை செய்கிறது. பேப்பரில் அந்தப் போட்டோ வந்தால், ஓரமாக நிற்கிற குடும்பத்தின் முகங்களைத்தான் பார்க்கிறேன்.

வருஷா வருஷம் அந்தத் தேதி வருகிறது. மனைவிக்கு அது என் இரண்டாவது பிறந்தநாள், பாயசம் வைத்தாக வேண்டும். அம்மாவுக்கு அது யார் வீட்டுப் பிள்ளைக்கோ திதி, அன்றைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. ஒரே அடுப்பு. முதல் வருஷம் முறைத்துக்கொண்டார்கள். இப்போது பாயசம் இறங்கியதும் முதல் கரண்டியை அம்மா மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வருகிறாள்.

“காக்கா வந்துதா அத்தே?” என்று என் மனைவிதான் கேட்கிறாள்.