முதலடியின் கணக்கு

2001ஆம் ஆண்டின் அமெரிக்க ஓப்பன் ஒன்பது பந்துப் போட்டியின் இறுதியாட்டம் 11-0 என்று முடிந்தது. வென்றவர் கோரி டூயல். அந்தப் பூஜ்யத்துக்கு உரியவர் பின்லாந்தின் மிக்கா இம்மொனன். அவர் கற்றுக்குட்டி அல்லர். அதே ஆண்டில் கார்டிஃப் நகரில் உலகப் பட்டத்தை வென்றவர். பிற விளையாட்டுகளில் இப்படியொரு முடிவைப் பார்த்தால் தோற்றவர் மோசமாக ஆடினார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பூல் ஆட்டத்தில் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: தோற்றவருக்கு ஆடக் கிடைத்ததா?

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஆறு குழிகள் கொண்ட மேசை. ஆடுகளத்தின் நீளம் 254 செ.மீ., அகலம் 127 செ.மீ. ஒன்பது பந்துகளை வைர வடிவில் நெருக்கி அடுக்குவார்கள். முனையில் 1ஆம் எண் பந்து, நடுவில் 9. மறுகோடியிலிருந்து வெள்ளைப் பந்தைச் செலுத்தி அந்த அடுக்கைக் கலைப்பதற்குப் பெயர் பிரேக். நாங்கள் எங்களுக்குள் இதை முதலடி என்று அழைத்துக்கொள்கிறோம். (அடி என்ற சொல் எங்கள் கூட்டத்தில் வழக்கமாக வெண்பாவையே குறிக்கும் என்பதால் ஆரம்பத்தில் சற்றுக் குழப்பம் இருந்தது.) முதலடியில் ஏதேனும் ஒரு பந்து குழியில் விழுந்து, வெள்ளைப் பந்து விழாமல் நின்றால், அடித்தவரே தொடரலாம். அதன்பின் எப்போதும் மேசையில் உள்ள மிகச் சிறிய எண்ணையே முதலில் தொட வேண்டும். 9ஐ வீழ்த்தியவருக்கு ஆட்டம். தொடங்கியவர் தவறவே இல்லையென்றால் எதிராளி நாற்காலியை விட்டு எழவே தேவையில்லை.

எழ முடியாது என்பதே பொருத்தமான சொல். சதுரங்கத்தில் எதிராளி யோசிக்கும்போது நாமும் யோசிக்கலாம். டென்னிசில் எவ்வளவு வலுவான சர்வீஸ் வந்தாலும் மட்டையை நீட்டவாவது செய்யலாம். இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்கலாம், கோலைத் துடைக்கலாம்.

நாங்கள் நால்வர் சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகப் பேச்சு முடிந்த பிறகு பழைய பூல் ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்து வருகிறோம். வெறுமனே பார்க்காமல் ஏட்டில் குறித்துக்கொண்டு பார்க்கும் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. தாமே நல்ல ஆட்டக்காரரான பேட் ஃபிளெமிங், 1980களிலேயே அக்யூ-ஸ்டாட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஆட்டங்களைப் படம்பிடித்து, ஒவ்வொரு பிழையையும் எண்ணத் தொடங்கினார். வீழ்த்திய பந்துகளின் எண்ணிக்கையை, அதனுடன் பிழைகளையும் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் ஒருவரது ஆட்டத்தின் மதிப்பு கிடைக்கும். 0.900ஐத் தாண்டினால் அது உலகத் தரம். எளிய வகுத்தல்தான். ஆனால், எது பிழை என்று முடிவு செய்வதற்கு ஆட்டத்தை ஆழ்ந்து அறிந்த ஒருவர் மேசையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இலக்கிய விமர்சனத்தைப் போலவே இங்கும் எண்ணுவதற்கு முன்னால் ரசனை தேவைப்படுகிறது.

முதலடியை எண்ணப் புகுந்தபோது எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. எதை வெற்றி என்பது? பந்து விழுந்தால் வெற்றி என்றார் ஒருவர். விழுந்தும் 1ஆம் எண் பந்து வேறொன்றின் பின்னால் ஒளிந்துகொண்டால்? தொடங்கியவர் இறுதியில் அந்த ஆட்டத்தை வென்றாரா என்பதே கணக்கு என்றார் இன்னொருவர். அப்படியானால் முதலடியில் எதுவும் விழாமல், எதிராளி தவறி, பின்னர் இவர் வென்றதும் முதலடியின் பெருமையாகிவிடுமே. கடைசியில் நான்கு பத்திகள் வரைந்தோம்: பந்து விழுந்ததா, அடுத்த பந்து கண்ணுக்குத் தெரிகிறதா, ஒரே வருகையில் மேசை காலியானதா, ஆட்டம் யாருக்கு. இந்த நான்கையும் ஒரே விழுக்காடாகச் சுருக்கிச் சொல்லும் எவரையும் நாங்கள் இப்போது சந்தேகத்துடனேயே பார்க்கிறோம்.

டூயலிடம் திரும்புவோம். முதலடி என்றால் முழுப் பலத்துடன் மோத வேண்டும் என்பது அதுவரை பெரும்பாலோரின் நம்பிக்கை. அவர் மெதுவாக அடித்தார். பந்துகள் இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருந்தால், அடுக்கின் இரு பக்க நுனிகளில் இருக்கும் பந்துகள் மூலைக் குழியை நோக்கிப் பழகிய பாதையில் செல்லும். வேகத்தைக் குறைத்தால் மற்ற பந்துகள் அதிகம் சிதறுவதில்லை. எது எங்கே நிற்கும் என்பதையும் ஓரளவு முன்கூட்டிச் சொல்லிவிடலாம். அதிர்ஷ்டத்தின் இடமாக இருந்த ஓர் அடியை அவர் திட்டத்தின் இடமாக மாற்றினார். எங்கள் பார்வையில் இது ஒரு மேதைமை. ஆனால் பார்வையாளர்களிலும் ஆட்டக்காரர்களிலும் பலருக்கு இது ஏமாற்று வேலையாகத் தோன்றியது. இடியோசைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இலேசான தட்டு ஒன்று கேட்டால் கோபம் வராதா என்ன?

விதிகள் மாறின. குறைந்தது மூன்று பந்துகளாவது குழியில் விழவேண்டும் அல்லது தலைப்பக்கக் கோட்டைக் கடக்கவேண்டும் என்றொரு நிபந்தனை பல போட்டிகளில் வந்தது. வெள்ளைப் பந்தை விளிம்போரத்தில் வைத்து அடிக்க முடியாதபடி நடுவே சிறு கட்டம் வரைந்தார்கள். வழக்கமாக 1ஆம் எண் பந்து நிற்கும் புள்ளியில் 9ஐ வைத்து, அடுக்கு முழுவதையும் அடிப்பவரை நோக்கி நகர்த்தினார்கள். நகர்வு ஏறத்தாழ 10 செ.மீ.தான். ஆனால் நுனிப் பந்து மூலைக் குழிக்குச் செல்லும் நேர்வழி அதோடு அடைபட்டது. ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1ஆம் எண் பந்தைப் பக்கக் குழியில் இறக்கப் பழகிக்கொண்டார்கள். அடுக்குவதற்கு முக்கோணச் சட்டத்துக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் தாள் வந்தபிறகு, பந்துகளின் நெருக்கமும் ஏறக்குறைய ஒரே சீரானது.

ஆக, 2001இன் முதலடி விழுக்காட்டையும் 2020களின் விழுக்காட்டையும் அருகருகே வைத்து யார் வல்லவர் என்று கேட்பது, யாப்பு மாறிய பிறகு தளை தட்டுகிறதா என்று பார்ப்பதைப் போன்றது. எண் அளப்பது கையை மட்டுமல்ல. தாளை, துணியை, கட்டத்தை, 10 செ.மீ.யையும் சேர்த்தே அளக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. வென்றவரே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும் போட்டிகளில், தொடங்கியவர் வென்ற விழுக்காடு பெரும்பாலும் 50க்கு மேலேயே காட்டும். இதை வைத்து முதலடியின் பலம் பற்றிப் பலர் பேசுவதுண்டு. முதலடியால் எந்த அனுகூலமும் இல்லாத ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்வோம். யார் தொடங்கினாலும் வலியவர் 100இல் 70 ஆட்டங்களை வெல்கிறார். வென்றவர் தொடங்குகிறார் என்பதால் நாளடைவில் 70 விழுக்காடு ஆட்டங்களைத் தொடங்குபவரும் அவரே. இருவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் தொடங்கியவர் வென்றது 58 விழுக்காடு. அந்த 8 விழுக்காட்டில் முதலடிக்குப் பங்கே இல்லை. வலியவர் அடிக்கடி தொடங்கினார், அவ்வளவுதான். மாறிமாறித் தொடங்கும் முறையில் இதே இருவர் ஆடினால் சரியாக 50 வரும்.

எங்களுள் மிகவும் மென்மையான மனம் கொண்ட நண்பர், வென்றவர் தொடங்கும் முறையே அநீதி என்று நெடுநாள் வாதிட்டுவந்தார். உள்ளவனுக்கே மேலும் கொடுப்பது என்ன நியாயம் என்பது அவர் கட்சி. எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. கணிதம் கற்பிக்கும் இன்னொரு நண்பர் ஒருநாள் காகிதத்தைக் கிழித்துச் சீட்டுகள் செய்தார்.

9 ஆட்டங்களை முதலில் வெல்பவருக்குப் போட்டி. முருகன், கந்தன் என இருவர், முருகன் தொடங்குகிறார். (இரண்டும் ஒரே ஆள்தானே என்று ஒருவர் கேட்டார், பதில் வரவில்லை.) முருகன் தொடங்கும் ஆட்டங்களின் முடிவுகளை 9 சீட்டுகளிலும், கந்தன் தொடங்குபவற்றின் முடிவுகளை 8 சீட்டுகளிலும் விதி முன்னதாகவே எழுதி மடித்து வைத்துவிட்டது என்று கொள்வோம். மொத்தம் 17. மாறிமாறித் தொடங்கினால் முருகனுக்கு அதிகபட்சம் 9 சீட்டுகள், கந்தனுக்கு 8 போதும். வென்றவர் தொடங்கினாலும் இதே எல்லைதான். முருகன் தொடங்குவது முதல் ஆட்டத்தையும், தாம் வென்ற ஒவ்வொன்றுக்கும் அடுத்ததையும். ஒன்பதாவது வெற்றியுடன் எல்லாம் முடிந்துவிடுகிறது. எனவே 1உம் 8உம் 9. கந்தனுக்கு 8. சீட்டுகளை எந்த வரிசையில் பிரித்தாலும், 17இல் 9 யார் பெயரில் இருக்கின்றனவோ அவரை மற்றவர் முந்த முடியாது. இரண்டு முறைகளிலும் போட்டியை வெல்லும் வாய்ப்பு இம்மியும் மாறுவதில்லை.

நாங்கள் வெகுநேரம் பேசவில்லை. மென்மனத்து நண்பர் சீட்டுகளைத் தாமே இருமுறை பிரித்துப் பார்த்தார்.

மாறுவது வெற்றியின் உருவம். இருவரும் சமபலம் உள்ளவர்கள், தொடங்குபவர் வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், முதலில் தொடங்கியவர் 9-0 என்று வெல்வது வென்றவர் தொடங்கும் முறையில் ஏறத்தாழ 100 போட்டிகளில் ஒருமுறை நிகழும். மாறிமாறித் தொடங்கும் முறையில் 500இல் ஒருமுறைதான். யார் தோற்பார் என்பதை விதிமுறை தொடுவதில்லை. எப்படித் தோற்பார், எவ்வளவு நேரம் நாற்காலியில் இருந்தபடி தோற்பார் என்பதையே அது நிர்ணயிக்கிறது. இந்த நிரூபணம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதை மறந்துவிட வேண்டும். சீட்டுகளுக்கு அது முடியும். முக்கால் மணிநேரம் அமர்ந்திருந்து கை குளிர்ந்துபோனவருக்கு முடியுமா என்று நண்பர் கேட்டார். அது நியாயமான கேள்வி. அவர் கட்சியில் உயிர் மிச்சமிருப்பது அந்த இடத்தில்தான்.

இந்த விழுக்காடுகளின் மேல் பெரும்பணம் நின்றதும் உண்டு. 1996இல் டல்லாஸ் நகரில் நடந்த போட்டியில், தொடர்ந்து 10 ஆட்டங்களைத் தொடங்கி, எதிராளிக்கு இடமே கொடுக்காமல் முடிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்து, அதற்குக் காப்பீடும் செய்திருந்தார்கள். ஏர்ல் ஸ்டிரிக்லாண்ட் 10ஐ முடித்துவிட்டு, நிற்காமல் 11ஆவதையும் முடித்தார். விவகாரம் நீதிமன்றம் வரை சென்று சமரசத்தில் அடங்கியது. எங்களுக்குச் சுவையாகப் பட்டது காப்பீட்டின் கணக்கு. ஒரே மூச்சில் மேசையைக் காலி செய்யும் வாய்ப்பு ஓர் ஆட்டத்துக்கு 30 விழுக்காடு என்றால், தொடர்ந்து 10 என்பது சுமார் 1,70,000 முயற்சிகளில் ஒன்று. 40 என்றால் 9,500இல் ஒன்று. 50 என்றால் 1,024இல் ஒன்று. முதலடியில் பந்து விழுவது சற்றே எளிதாகும் ஒரு மேசை போதும், பாதுகாப்பான பந்தயம் நடுங்கத் தொடங்கிவிடும்.

அப்படியானால் ஒருவரது முதலடி நல்லது என்று எப்போதுதான் சொல்வது? 100 முதலடிகளைப் பார்த்தால், 50க்கு அருகில் உள்ள விழுக்காட்டில் இரு பக்கமும் சுமார் 10 தடுமாற்றம் இருக்கும். அதை 1ஆகக் குறைக்க ஏறத்தாழ 9,600 முதலடிகள் வேண்டும். அதற்குள் விதியோ துணியோ மாறிவிடும். ஷேன் வான் போனிங்கின் முதலடி அவர் காலத்தில் மிகவும் அஞ்சப்பட்ட ஒன்று; அமெரிக்க ஓப்பனை ஐந்து முறையும், 2022இல் உலகப் பட்டத்தையும் வென்றவர். அவருக்குப் பிறவியிலேயே செவித்திறன் குறைவு. ஆடும்போது செவிக்கருவியை அணைத்துவிடுவார் என்பார்கள். அரங்கமே அதிரும் அந்த ஓசையை அடிப்பவர் மட்டும் கேட்பதில்லை. இதை எந்தப் பத்தியில் குறிப்பது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

சென்ற மாதம் முதல் ஏட்டில் ஐந்தாவது பத்தி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முதலடிக்கும் முன்பாக எதிராளி எத்தனை நிமிடம் அமர்ந்திருந்தார் என்பதை மென்மனத்து நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவருகிறார். இதுவரை மூன்று பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. 9,600க்கு இன்னும் வெகுதூரம்.