வரி மிச்சமாகும்னு மெஷின் வாங்கலாமா? ஒரு கோவைப் பட்டறையின் மார்ச் மாதக் கணக்கு

பட்டறை கணவருடையது, கணக்கு நோட்டு மனைவியுடையது. கோவை கணபதியில் இரண்டு லேத் மெஷின்களை வைத்துக்கொண்டு பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் குடும்பம் அது. மார்ச் மாத நடுவில் அவர்களைத் தேடி ஒரு மெஷின் டீலர் வந்தார். கையில் சின்ன சி.என்.சி லேத் ஒன்றின் கொட்டேஷன். விலை 10 லட்சம், 18 சதவிகித ஜி.எஸ்.டி-யைச் சேர்த்தால் 11.80 லட்சம்.

``மார்ச் 31-க்குள்ள எடுத்துருங்கண்ணா. 35 பர்சென்ட் தேய்மானம் கிடைக்கும். கவர்மென்ட்டுக்குக் கட்டுற வரியிலயே பாதி மெஷின் வந்துரும்."

கணவருக்கு ரொம்ப நாள் ஆசை. முன்பணத்துக்கு என்ன வழி என்று யோசித்தவரின் கண், மனைவியின் நகை மீது போனது. ஜூன் மாதம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று இருவரும் நினைத்து வைத்திருந்த அதே நகை. மனைவி மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார். ``நகையை வைக்கறது பெருசில்லீங்க. நமக்கு எவ்வளவு வரி மிச்சமாகும்னு ஒரு நம்பர் சொல்லச் சொல்லுங்க."

அந்த நம்பரைச் சொல்ல டீலரால் முடியவில்லை. ஆடிட்டர் சொன்னார். பூஜ்ஜியம்!

காரணம் எளிது. பட்டறையில் அந்த வருடம் கிடைத்த லாபம் சுமார் 9.50 லட்சம். வேறு வருமானம் கிடையாது. 2025 ஏப்ரல் முதல், புதிய வரி முறையில் ஒருவரின் மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், தள்ளுபடி போக வருமான வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை. சொந்தப் பெயரில் தொழில் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

டீலர் சொன்ன 35 சதவிகிதம் பொய் என்று சொல்லிவிட முடியாது. மெஷினுக்கு வழக்கமான தேய்மானம் 15 சதவிகிதம். உற்பத்தித் தொழிலில் புது மெஷின் போட்டால் கூடுதலாக 20 சதவிகிதம் உண்டு. ஆனால், அந்தக் கூடுதல் 20 பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. அதோடு, அந்த நிதியாண்டில் மெஷின் 180 நாள்களுக்குக் குறைவாகவே பயன்பாட்டில் இருந்தால், முதல் வருடம் பாதித் தேய்மானம்தான். மார்ச்சில் வாங்குகிறவருக்கு 15 என்பது ஏழரை ஆகிவிடும். அதுவும் மெஷின் பட்டறைக்கு வந்து ஓடத் தொடங்கியிருந்தால்தான். பேக்கிங் பிரிக்காமல் மூலையில் நின்றால் அந்த வருடத்துக்கு ஒன்றும் கிடையாது. பிறகு, மார்ச் 31-க்காக ஏன் இவ்வளவு அவசரம்? அது டீலரின் டார்கெட்டுக்கான தேதியாகவும் இருக்கலாம்.

``அப்ப ஜி.எஸ்.டி 1.80 லட்சமும் போச்சுங்களா?" என்று மனைவி அடுத்த கேள்வியைப் போட்டார். இல்லை, இந்தப் பணம் நிஜமாகவே திரும்பி வரும். இவர்கள் காம்போசிஷன் திட்டத்தில் இல்லை, வழக்கமான ஜி.எஸ்.டி பதிவில் இருக்கிறார்கள். அதனால் மெஷினுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி-யை, தங்கள் பில்களுக்குக் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி-யில் கழித்துக்கொள்ளலாம். பில்லில் தங்கள் ஜி.எஸ்.டி எண் சரியாக இருக்க வேண்டும், டீலரும் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும். ஒரு விஷயம், இது கையில் வரும் பணமல்ல. மாதம் 25,000 ரூபாய் அளவுக்கு ஜி.எஸ்.டி கட்டுகிற இவர்களுக்கு 1.80 லட்சம் கழிய ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். டீலருக்கோ முதல் நாளே கொடுத்தாக வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

கடைசியில் அவர்கள் மெஷினை வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தார்கள். வரிக்காக அல்ல. பம்ப் கம்பெனி ஆர்டர் ஆறு மாதத்துக்கு மேல் நிற்குமா என்று கணவருக்கே சந்தேகம். வாடகை மெஷினில் தேய்மானம் அதன் உரிமையாளருக்குப் போகும், எடுத்தவருக்கு வாடகை முழுவதும் அந்த வருடச் செலவு. வாடகைக்கான ஜி.எஸ்.டி-யையும் கழித்துக்கொள்ளலாம். கடன் போட்டு வாங்கினால் இ.எம்.ஐ முழுவதும் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். வட்டி மட்டும்தான் செலவு, அசல் செலவாகாது. அசலுக்குப் பதிலாகத்தான் தேய்மானம் கிடைக்கிறது. வாடகையில் இன்னொரு பக்கமும் உண்டு: பத்து வருடம் கொடுத்தாலும் மெஷின் நம்முடையது ஆகாது.

இதே மெஷின் இன்னொருவருக்குச் சரியாக வரும். வருமானம் 22 லட்சம், புதிய வரி முறை, கையில் நிச்சயமான ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்ச ரூபாய் மெஷினை செப்டம்பரிலேயே ஓட்டத் தொடங்கினால் தேய்மானம் 1.50 லட்சம். அவருடைய 25 சதவிகித வரி, செஸ் எல்லாம் சேர்த்தால் அந்த வருடம் 39,000 ரூபாய் மிச்சம். மார்ச்சில் ஓட்டினால் 19,500 மட்டுமே. விட்டுப்போன தேய்மானம் வீணாகாது, பின்வரும் வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். ஆனால், 39,000 மிச்சப்படுத்த 10 லட்சம் செலவழிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. மெஷின் வேலை செய்து சம்பாதித்தால்தான் அந்த 10 லட்சம் திரும்பும்.

விற்றுவரவில் 8 சதவிகிதம், டிஜிட்டலில் வந்த தொகைக்கு 6 சதவிகிதம் என்று உத்தேச லாபம் காட்டி வரி கட்டும் சின்னக் கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. தேய்மானம், வாடகை, வட்டி எல்லாமே அந்த சதவிகிதத்துக்குள் அடங்கிவிட்டதாகத்தான் சட்டம் பார்க்கிறது. கிரைண்டர் வாங்கினாலும், ஜெராக்ஸ் மெஷினை லீஸுக்கு எடுத்தாலும் அவர்களின் வருமான வரி குறையாது. ஜி.எஸ்.டி கிரெடிட் மட்டும் தனி, காம்போசிஷன் இல்லாத வழக்கமான பதிவு இருந்தால் அது உண்டு.

டீலர் கிளம்பும்போது, ``கேஷா கொடுத்தா கொஞ்சம் குறைச்சுக்கலாம்ணா" என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறார். மெஷினுக்காக ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகையை மெஷினின் விலையில் சேர்க்க முடியாது. அதற்குத் தேய்மானமும் கிடையாது. மனைவிக்கு இது முன்பே தெரியும். கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.